உப்புவெளியில் கொலம்பைன் முளைக்குமா?

கேள்வி: ஐயா, இணையத்தில் வாங்கிய கொலம்பைன் என்ற குளிர்நாட்டுப் பூச்செடி விதையைத் தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) நிரப்பிய சாடியில் அரை அங்குல ஆழத்தில் போட்டேன். ஐந்து கிழமையாகியும் ஒரு முளைகூட இல்லை. பசளைக் கடையில் முளைப்பு ஊக்கி என்று ஒரு போத்தல் தருகிறார்கள். ஊற்றலாமா? – திருகோணமலை உப்புவெளி வாசகி

பதில்: ஊற்றாதீர்கள் அம்மா. போத்தல் விற்பவருக்குத்தான் அது ஊக்கி. இந்த விதையின் உறக்கம் குளிரில்தான் கலையும், வெளிச்சம் பட்டால்தான் முளைவிடும். நீங்கள் இரண்டையும் கொடுக்கவில்லை.

மிச்ச விதை இருந்தால் ஈரமணலில் கலந்து, பொலித்தீன் பையில் கட்டி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 3–4 கிழமை வையுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வேண்டாம். பிறகு மண்ணின் மேல் தூவி உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும், மூடக்கூடாது. முளைக்க இன்னும் 3–4 கிழமை செல்லும். ஆணிவேர்ச் செடி; இரண்டு மூன்று இலை விட்டதுமே ஆழமான சாடிக்கு மாற்றுங்கள், பிந்தினால் வேர் அறும்.

எனக்குக் கூடிய கவலை உங்கள் தும்புச்சோற்றில்தான். உவர்நீரில் ஊறிய மட்டையின் சோறு உப்பை இலேசில் விடாது. கட்டியை வாளியில் ஊறவைத்து, பிழிந்து, மூன்று தரம் தண்ணீர் மாற்றுங்கள். தேத்தண்ணி நிறம் போனால் உப்பும் போய்விட்டது என்று கடைக்காரர் சொல்வார், நம்பாதீர்கள். அது வெறும் சாயம். கோடையில் உவர்க்கும் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் கழுவாததற்குச் சமன், மாரியில் பிடித்த மழைநீர்தான் நல்லது. சாடி விளிம்பில் வெள்ளைப் படை, இலை நுனியில் கருகல் என்றால் உப்புத்தான். கழுவிய சோறு, ஆற்றுமணல், மக்கிய கூட்டெரு மூன்றும் சம அளவு கலவுங்கள். பொதி செய்த ஆண்டு அச்சிடாத விதைப் பக்கற்றை எவ்வளவு மலிவென்றாலும் வாங்காதீர்கள். ஒரே பூவில் வானவில் நிறம் காட்டும் படம், கணினியில் தீட்டியது.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்றுண்டு: முளைத்தால் பூக்குமா? விதையிலிருந்து வரும் கொலம்பைன் பெரும்பாலும் ஒரு குளிர்காலம் கடந்து இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். திருகோணமலையில் அந்தக் குளிர் இல்லை, அதற்குள் கச்சான் என்ற வறண்ட காற்றும் அடித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் உறவினர் இருந்தால் விதையை அவர்களிடம் கொடுங்கள். நச்சு விதை, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் முற்றத்துக்கு சீனியாஸ். மழை ஓய்கிற தை கடைசியில் நல்ல வெயிலில் நேரடியாக விதைத்து, முளைத்ததும் ஒரு அடி இடைவெளி விட்டு மிச்ச நாற்றைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டு மாதமளவில் பூக்கும். தண்ணீரை அடியில் ஊற்றுங்கள், இலை நனைந்தால் புள்ளி நோய் பிடிக்கும்.