கேளுங்க அண்ணே: மகனை கார்ட் ஆஃப் ஹானர்ல எடுத்திருக்காங்க

கேள்வி: அண்ணே வணக்கம். என் மூத்த மகன் என்எஸ்ல, அதான் கட்டாய தேசிய சேவையில, இருக்கான். இந்த வருஷ சிங்கப்பூர் தேசிய தின அணிவகுப்புல, அதிபருக்கு ஆயுதத்தோட மரியாதை செலுத்துற கார்ட் ஆஃப் ஹானர் வரிசையில நிக்க அவன எடுத்திருக்காங்க. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா போன வாரம் சாப்பிட வந்த அவன் மாமா, துப்பாக்கிய புடிச்சிக்கிட்டு சிலை மாதிரி நிக்கிறதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்டுட்டாரு. பையன் முகமே வாடிப்போச்சு. நான் அவனுக்கு என்ன சொல்லட்டும்?
— ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: தங்கச்சி, அந்த வரிசையில யாரெல்லாம் நிக்கிறாங்கன்னு மொதல்ல மாமாகிட்ட சொல்லுங்க. தரைப்படை சார்பா கமாண்டோக்கள் நின்னுருக்காங்க, கடற்படை சார்பா முக்குளிப்பு வீரர்கள், அப்புறம் ஆகாயப்படை, போலீஸ். பாராசூட்ல குதிக்கிறவன், கடலுக்கடியில இறங்கி வேலை பாக்குறவன், அவனத்தான் சட்டைய இஸ்திரி போட்டு பூட்ஸ முகம் தெரியுற அளவுக்கு தேய்ச்சு கொண்டு வந்து அங்க நிறுத்துறாங்க. வேலை தெரியாத ஆளுக்கு அங்க இடமே கிடையாது.

இன்னொன்னு, நான் ஒவ்வொரு வருஷமும் டிவி முன்னாடி உக்காந்து இதத்தான் பாப்பேன், அதிபர் அந்த வரிசைய பாத்துக்கிட்டே நடந்து வர்ற அந்த சில நிமிஷம். 2024லயும் 2025லயும் பாடாங் திடல்ல அதிபர் தர்மன் அப்படி நடந்து வந்தாரு. கையில ஒரு ஆயுதமும் இல்லாத ஒரு மனுஷன், ஜனங்க ஓட்டு போட்டு உக்கார வச்சவரு, துப்பாக்கியோட நிக்கிற அத்தனை பேர் முன்னாடியும் நிதானமா நடந்து போறாரு, அவங்க ஆயுதத்த நெஞ்சுக்கு நேரா நிமித்திப் பிடிச்சு அவருக்கு மரியாதை செலுத்துறாங்க. பட்டாளமே ஆட்சிய புடிச்சிக்கிட்ட நாடுங்க எத்தனைய நாம செய்தியில பாக்குறோம்? இங்க ராணுவம் யாருக்கு கட்டுப்பட்டதுன்னு வருஷத்துல ஒரு நாள் ஊரறிய காட்டுறாங்க, அத காட்டுற பொறுப்புதான் இப்ப உங்க மகன் கைக்கு வந்திருக்கு.

அப்புறம் அந்த 'ஃபூ டி ஜுவா'ன்னு ஒன்னு இருக்கு, மகிழ்ச்சி வேட்டுன்னு சொல்லலாம். வரிசையோட ஒரு முனையில ஆரம்பிச்சு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா சுடுவாங்க, படபடபடன்னு சத்தம் அந்தக் கோடிக்கு ஓடும். உள்ள இருக்கிறது வெத்து ரவைதான். நடுநடுவுல பேண்ட் தேசிய கீதத்துல ஒரு பகுதிய வாசிக்கும். ஒருத்தன் கண்ணிமைக்கிற நேரம் பிந்துனாலும் அந்த ஓட்டத்துல ஓட்ட விழுந்துரும், அதுக்காக எத்தனை வாரம் வெயில்ல திரும்பத் திரும்ப பழகுறாங்கன்னு மகன கேளுங்க, சொல்லுவான்.

கட்டளை எல்லாம் மலாய்லதான் வரும், அதுதானே நம்ம தேசிய மொழி. 'செடியா'ன்னா விறைப்பா நிக்கணும், 'செனாங் டிரி'ன்னா தளர்ந்து நிக்கலாம், 'ஹொர்மாட் செஞ்சாத்தா'ன்னா ஆயுத மரியாதை. வீட்ல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ்னு வளந்த நம்ம பிள்ளைங்களுக்கும் சரி, அவங்க அப்பாமாருக்கும் சரி, இந்த வார்த்தைங்கள கேட்டா இன்னும் முதுகு தானா நிமிரும். மாமாவும் என்எஸ் பண்ணவரா இருந்தா அவருக்கும் இது தெரியும், அத வச்சே பேச்ச ஆரம்பிங்க.

கொண்டாட்டத்துக்கு மட்டும் இந்த மரியாதை இல்ல. 2015 மார்ச்சுல லீ குவான் இயூ உடல் நாடாளுமன்றத்துல வச்சிருந்தப்ப நாலரை லட்சம் பேருக்கு மேல வந்து பாத்தாங்க, நானும் ராத்திரி வரிசையில நின்னு போனேன். பெட்டிய சுத்தி தலைய குனிஞ்சு, வாள தலைகீழா ஊணிக்கிட்டு அதிகாரிங்க காவல் நின்னாங்க. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல நம்ம முன்னாள் அதிபர் எஸ் ஆர் நாதன் ஐயாவுக்கும் அதே மரியாதை, அவரு பெட்டி பீரங்கி வண்டியில போனப்ப எங்க வீட்ல யாரும் வாயத் திறக்கல. அன்னிக்கு அந்தப் பிள்ளைங்க நின்னது நமக்காகவும்தான்.

கேள்வி: அணிவகுப்பு ரிஹர்சல்ல என் தம்பி மயங்கி விழுந்துட்டான். திடமான பையன், இப்ப வெளியில தலைகாட்டவே வெக்கப்படுறான். இது பலவீனமா அண்ணே?
— அக்கா ஒருத்தி, செங்காங்

பதில்: இல்லவே இல்லம்மா. நடக்குறப்ப கால் தசை சுருங்கி சுருங்கி ரத்தத்த மேல தள்ளும். அசையாம நின்னா அந்த தள்ளுறது நின்னுடும், ரத்தம் கால்ல தேங்கும், நம்ம ஊரு புழுக்கத்துல ரத்தக் குழாய்ங்க வேற விரிஞ்சிருக்கும், மூளைக்கு போறது குறைஞ்சதும் கண்ணு இருட்டும். எவ்வளவு திடகாத்திரமான ஆளுக்கும் வரும், எனக்கே பரேட் ஸ்குவேர்ல ஒரு தடவ அப்படி ஆச்சு. முட்டிய இறுக்கி பூட்டாம கொஞ்சம் தளர்த்தி வச்சுக்க சொல்லுங்க, பூட்ஸுக்குள்ள விரல அசைச்சுக்கிட்டே இருக்கலாம், வெளிய தெரியாது. முந்துன நாள்லேர்ந்தே தண்ணி குடிக்கணும், காலையில வெறும் வயித்தோட போகவே கூடாது. கண்ணு மங்குனா சமாளிக்காம உடனே பின்னாடி நிக்கிற மருத்துவ ஆளுகிட்ட சொல்லணும். திரும்பத் திரும்ப வந்தா டாக்டர பாத்துடுங்க.

கேள்வி: தேசிய தின டிக்கெட் கிடைக்கல. இந்த மாதிரி ராணுவ சடங்க வேற எங்க பாக்கலாம்?
— மாணவர், ஜூரோங்

பதில்: அதிபர் மாளிகை இஸ்தானாவுக்கு போங்க தம்பி. ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் இருக்கிற பெரிய வாசல்ல, வழக்கமா மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை சாயந்திரம் காவல் மாத்துற சடங்கு நடக்கும், டிக்கெட் வேணாம், டோபி காட் எம்ஆர்டியிலேர்ந்து நடந்துரலாம். அந்த மாசம் உண்டான்னு மட்டும் பாத்துட்டு கிளம்புங்க. ராணுவ போலீஸ்ல மௌனமா டிரில் பண்ற ஒரு குழு இருக்கு, கட்டளையே கிடையாது, கத்தி மாட்டுன துப்பாக்கிய சுழட்டுவாங்க, எல்லாம் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே. அவங்க வந்தாங்கன்னா கைய பாக்காதீங்க, பூட்ஸ் சத்தத்த மட்டும் கண்ண மூடிக் கேளுங்க.