நிற்கிற வண்டி குடிக்கிற டீசல்

கேள்வி: மின் விநியோக நிறுவனம் ஒன்றின் வாகனப் பிரிவில் இருக்கிறேன். கார்பன் உமிழ்வைக் குறைக்கத் திட்டம் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் மின்சார வண்டியாக மாற்றிவிட்டால் போதும் என்கிறார் மேலதிகாரி. சரிதானா?

பதில்: மாற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கிலோமீட்டர் கணக்கை மூடிவைத்துவிட்டு, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கை எடுங்கள். இதே மாதிரி ஒரு நிறுவனத்தின் வாகனப் பணிமனையில் காலம் தள்ளியவன் நான். எங்கள் டீசலில் பெரும்பங்கு சாலையோரம் நின்ற வண்டிகளுக்குத்தான் போனது.

கம்பத்து வேலைக்கு ஆளை மேலே தூக்கும் பக்கெட் லாரியையே பாருங்கள். அதன் தூக்கும் கையை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கிற ஹைட்ராலிக் பம்புக்கு எஞ்சினிலிருந்துதான் விசை போகிறது. கை நீளவும் மடங்கவும் ஆகிற நேரம் கொஞ்சம்தான். ஆனால் மேலே இருப்பவர் எந்த நிமிடமும் நகர்த்தச் சொல்வார் என்று எஞ்சினை அணைக்கவே மாட்டார்கள். மணிக்கு 3 லிட்டர், நாளுக்கு 4 மணி நேரம் என்று வையுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வருடத்தில் 250 வேலைநாள் என்றால், நகராமலேயே ஒரு லாரி 8 டன் விட்டுவிடும்!

பம்பைத் தனி பேட்டரியில் ஓட்டும் அமைப்பு இப்போது கிடைக்கிறது. லாரி டீசலிலேயே ஓடட்டும்; வேலையிடத்தில் எஞ்சின் தூங்கும். எச்சரிக்கை விளக்கு, கேபின் ஏசி இரண்டையும் அதே பேட்டரியில் இணைக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டால், ஏசிக்காகவே டிரைவர் மறுபடி சாவியைத் திருப்புவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, வெயிலில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

மீட்டர் பார்க்கப் போகிற கார், சின்ன வேன் எல்லாம் தினமும் ஒரே சுற்று போய் இரவில் டிப்போவுக்குத் திரும்புபவை. மின்சார வண்டியை அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: அந்த மின்சாரமே நிலக்கரியில் வந்தால்? புகையை இடம் மாற்றுவதுதானே?

பதில்: ஓரளவு உண்மை. ஆனாலும் டீசலின் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாகிறது. மோட்டாரில் அவ்வளவு இழப்பு இல்லை. பசுங்குடில் வாயுக் கணக்கில் உங்கள் டீசல் முதல் வகை (நீங்களே நேரடியாக விடுவது), வெளியே வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை (உங்களுக்காக மின் நிலையம் விடுவது). ஒன்று குறைந்ததை மட்டும் காட்டி, கூடியதை மறைக்காதீர்கள்.

வண்டிக் கணக்கோடு, மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் சுவிட்ச்கியரையும் பாருங்கள். அதில் மின்காப்புக்காக அடைத்திருக்கும் சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு வாயு ஒரு கிலோ கசிந்தால், புவியைச் சூடாக்குவதில் 23 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு மேல். மேலே சொன்ன லாரிகள் கிட்டத்தட்ட மூன்று, வருடம் முழுக்க நின்றபடி விடுகிற அளவு.

கேள்வி: புயலடித்து மின்சாரமே இல்லாதபோது சார்ஜ் எங்கே ஏற்றுவது?

பதில்: அதனால்தான் கனரக வண்டிகளை ஒரேயடியாக மாற்றச் சொல்லவில்லை. சிலவற்றை டீசலிலேயே வைத்து, நூற்றுக்கு 20 பங்கு பயோடீசல் கலந்து ஓட்டலாம். எஞ்சின் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அது டாங்கிலுள்ள பழைய கசடைக் கரைத்துக் கொண்டுவரும், ஆகவே ஆரம்பத்தில் ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். கூடுதலாக வாங்கி வையுங்கள், அப்புறம் புயலுக்கு முன்பே மாற்றி முடித்துவிடுங்கள்.