பதில்: செயலியில் தேறுகிறேன், ஆலாபனையில் ஸ்வரம் பிடிபடவில்லை

வணக்கம். குனு சோல்ஃபெஜ் என்ற செவிப்பயிற்சிச் செயலியில் இரு ஸ்வரங்களுக்கிடையிலான இடைவெளியைத் தவறாமல் சொல்லிவிடும் உங்களுக்குத் தோடி ராக ஆலாபனையில் ‘க’ எனும் காந்தாரம் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது காதின் குறையன்று. அந்தப் பயிற்சி ஆதார ஷட்ஜத்தை (மற்ற ஸ்வரங்களுக்கு அடிப்படையான ‘ஸ’வை) நிலைநிறுத்தாமல் அசைவற்ற ஒலிகளையே தருகிறது. தோடியின் சாதாரண காந்தாரமோ கமகத்தால் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதால்) ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பது.

ஆகவே தம்புரா செயலியை உங்கள் சுருதியில் ஒலிக்கவிட்டு, முதலில் மாயாமாளவகௌளை ராகத்தின் தொடக்கப் பயிற்சி வரிசைகளை அகாரத்தில் (ஸ்வரப் பெயரின்றி ‘ஆ’ என்று) பாடிப் பதிவுசெய்து, மறுநாள் கேட்டு, எந்தெந்த ஸ்வரம் என்று ஸ்வரப்படுத்திப் பாருங்கள். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் தோடியின் ஒரு சிறு பிடியை (ராகத்துக்கே உரிய ஸ்வரத் தொடரை) தேர்ந்து, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாக்கினால் (அதற்கான வசதி அதிலேயே உண்டு), காந்தாரம் எங்கே எழுந்து எங்கே திரும்புகிறது என்பது தெளிவாகக் கேட்கும். திரையில் ஸ்வரத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சுருதிக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; கண் முந்திக்கொள்ளும்.