காசு கொடுத்த பிறகும் வரிசையா?

வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறைப் பயணங்களுக்குப் பின் வந்த கடிதங்களில் தீம் பார்க் பற்றியவை இந்த முறை அதிகம். அவற்றில் பெரும்பாலானவை, கூடுதல் பணம் கட்டி வரிசையைத் தாண்டிச் செல்ல உதவும் பாஸைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழில் இந்தப் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வெளிநாட்டுத் தீம் பார்க் ஒன்றில் நாங்கள் நால்வரும் விரைவுப் பாஸ் வாங்கினோம். அப்படியிருந்தும் ஒரு ரோலர் கோஸ்டருக்கு அரை மணி நேரம் நின்றோம். இவ்வளவு தொகை கொடுத்தும் நிற்கத்தான் வேண்டுமென்றால் அந்தப் பாஸ் எதற்கு? எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பாஸ் என்ன தரும் என்பதை விற்கும்போதே அவர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். காத்திருக்கவே வேண்டாம் என்ற உறுதியை அனேகமாக எந்தப் பூங்காவின் பாஸும் தருவதில்லை. பாஸ் உள்ளவர்களுக்கென்று தனி வரிசை ஒன்று இருக்கிறது, அதில் நிற்கும் உரிமையைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். திருப்பதியில் 300 ரூபாய் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிய பிறகும் கூண்டுக்குள் நின்று நகர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு ரைடு மணிக்கு 1,000 பேரை ஏற்றிச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பாஸ் விற்றாலும் இந்த எண்ணிக்கை கூடாது, ஏனென்றால் வண்டிகளின் எண்ணிக்கையும், பாதுகாப்புக்காக அவற்றுக்கிடையே விடவேண்டிய இடைவெளியும், ஆட்கள் ஏறி இறங்கிப் பெல்ட் மாட்டிக்கொள்ள ஆகும் நேரமும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. பாஸே இல்லாத பூங்காவில் உங்களுக்கு முன்னால் 500 பேர் நின்றால் நீங்கள் அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். அதே ரைடில் மணிக்கு 600 இடங்களைப் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கினால் சாதாரண வரிசைக்கு 400 இடங்களே மிஞ்சும். அப்போது அதே 500 பேர் ஏறி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பாஸ் வரிசையில் உங்களுக்கு முன்னால் 100 பேர் மட்டும் இருந்தால் நீங்கள் பத்து நிமிடத்தில் போய்விடுவீர்கள். விடுமுறை நாளில் 300 பேர் ஒரே நேரத்தில் வந்து நின்றுவிட்டால் உங்களுக்கும் அரை மணி நேரம் ஆகும். நீங்கள் நின்றது அநேகமாக அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். பாஸ்களுக்கு எண்ணிக்கை வரம்பு வைப்பதும், கூட்டமான நாட்களில் விலையை ஏற்றுவதும், சில நாட்களில் "விற்றுத் தீர்ந்தது" என்று அறிவிப்பதும் அந்தத் தனி வரிசை முற்றிலும் அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவும்தான்.

இரண்டு வரிசைகளும் ஒன்று சேரும் இடத்தில் நிற்கும் ஊழியரை அடுத்த முறை ஐந்து நிமிடம் கவனித்துப் பாருங்கள். பாஸ் பக்கத்திலிருந்து ஒரு கூட்டத்தைக் கையசைத்து உள்ளே விடுவார், பிறகு சாதாரணப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்தை விடுவார், மறுபடியும் பாஸ் பக்கம் திரும்புவார். ஒரு ரைடு இடையில் பழுதாகி நின்று, மீண்டும் ஓடத் தொடங்கியதும் அந்த இடைவெளியில் ஏற முடியாமல் போன பாஸ்காரர்கள் எல்லோரும் ஒன்றாகத் திரண்டு வந்தால், அந்த ஊழியர் சாதாரண வரிசையைப் பார்க்கக்கூட முடியாது. வாசலில் உள்ள பலகை காட்டும் காத்திருப்பு நேரம் சாதாரண வரிசைக்கு உரியது என்பதையும் நினைவில் வையுங்கள். பாஸ் வரிசையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பெரும்பாலும் எங்கும் எழுதி வைப்பதில்லை.

கேள்வி: டிசம்பரில் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்குச் செல்ல இருக்கிறோம். எக்ஸ்பிரஸ் வாங்கிவிட்டால் தனியாக நுழைவுச் சீட்டு வேண்டாம் என்கிறார் என் நண்பர். ஒரே ரைடில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்றும் சொல்கிறார். இவை சரியா?
– வாசகி, திருச்சி

பதில்: முதலாவது தவறு. இரண்டாவது நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூரில் யுனிவர்சல் எக்ஸ்பிரஸ் என்பது நுழைவுச் சீட்டுக்கு மேல் வாங்க வேண்டிய கூடுதல் சீட்டு. அது கையில் இருந்தாலும் நுழைவுச் சீட்டு இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. சாதாரண எக்ஸ்பிரஸில், அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு முறை மட்டுமே தனி வரிசையில் செல்லலாம். மீண்டும் மீண்டும் செல்ல வேண்டுமானால் "அன்லிமிடெட்" என்ற வேறு பாஸ் உண்டு, அதன் விலையும் அதிகம். எந்தெந்த ரைடுகள் திட்டத்தில் சேர்ந்துள்ளன என்ற பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால், சென்ற ஆண்டு போய் வந்தவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

உங்கள் நண்பரின் எண்ணம் இந்தியப் பூங்காக்களிலிருந்து வந்திருக்கலாம். வொண்டர்லாவில் விற்கப்படும் ஃபாஸ்ட்ராக் சீட்டில் நுழைவுக் கட்டணமும் அடங்கியிருக்கிறது. வெளிநாடுகளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு முறை. டோக்கியோ டிஸ்னியில் 2022இல் தொடங்கிய பிரீமியர் அக்சஸை ஒவ்வொரு ரைடுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும். அதில் குறித்த நேரத்தில்தான் போக வேண்டும். யுனிவர்சலின் ஆர்லாண்டோ (அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம்), சிங்கப்பூர் பூங்காக்களில் நேரக் கட்டுப்பாடு இல்லை, பாஸ் செல்லும் நாளில் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அதே நிறுவனத்தின் ஜப்பான் பூங்காவில் எக்ஸ்பிரஸ் பாஸிலேயே ரைடுக்கான நேரம் அச்சாகியிருக்கும். அமெரிக்காவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்களில் விற்ற ஃபிளாஷ் பாஸின் அடிப்படை வகைதான் இவற்றில் அதிகக் குழப்பம் தந்தது என்பேன். சாதாரண வரிசையில் முக்கால் மணி நேரக் காத்திருப்பு இருந்தால் அதை வாங்கியவருக்கும் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் முறை வந்தது. வெயிலில் நிற்காமல் வேறெங்காவது உலவலாம் என்பது மட்டுமே அதன் பயனாக இருந்தது. காத்திருப்பைப் பாதியாக்கவோ மேலும் குறைக்கவோ கூடுதல் விலை கொடுத்து உயர்வகை வாங்க வேண்டியிருந்தது. "ஃபாஸ்ட்", "எக்ஸ்பிரஸ்" என்ற பெயரைப் பார்த்துப் பணம் கட்டாமல், நேரக் கட்டுப்பாடு உண்டா, ஒரு முறையா பல முறையா, எந்த ரைடுகள் சேராதவை என்பவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் உள்ள என் அக்கா மகன், டிஸ்னியில் ஃபாஸ்ட்பாஸ் இலவசம், பணம் கட்டாதீர்கள் என்கிறான். இணையத்தில் பார்த்தால் ஒரு நாளைக்கு நூறு டாலருக்கு மேல் என்று இருக்கிறது. யாரை நம்புவது?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் அக்கா மகன் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1999இல் டிஸ்னி ஃபாஸ்ட்பாஸை அறிமுகம் செய்தபோது அது நுழைவுச் சீட்டு வைத்திருந்த எல்லோருக்கும் இலவசம். ரைடின் வாசலில் இருந்த இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், எந்த நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்று அச்சிட்ட சிறு துண்டுச் சீட்டு வெளியே வரும். பின்னர் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் அது கைப்பட்டை, செயலி ஆகியவற்றின் வழியாக முன்பதிவு செய்யும் முறையாக மாறியது. அப்போதும் கட்டணம் இல்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காகப் பூங்காக்களை மூடியபோது அந்த வசதியும் நின்றது, பிறகு திரும்பவே இல்லை. 2021 அக்டோபரில் ஃபுளோரிடாவில் ஜீனி பிளஸ் என்ற கட்டணச் சேவை வந்தது. தொடக்கத்தில் அதற்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலரும் வரியும் கட்ட வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அதன் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்றானது. அதிகம் பேர் விரும்பும் ஒரு சில ரைடுகள் மல்டி பாஸில் அடங்காது, அவற்றுக்குத் தனியாக சிங்கிள் பாஸ் வாங்க வேண்டும். நீங்கள் இணையத்தில் கண்ட பெருந்தொகை, 2024 இறுதியில் வந்த பிரீமியர் பாஸுக்கானதாக இருக்கலாம். ஃபுளோரிடாவில் அதை அறிமுகம் செய்தபோது பூங்காவையும் நாளையும் பொறுத்து 129 முதல் 449 டாலர் வரை விலை வைத்தார்கள். அதில் நேரக் குறிப்பு கிடையாது, ஆனால் ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு முறைதான்.

மல்டி பாஸ் வாங்குவோர் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. பணம் கட்டினால் மட்டும் போதாது, செயலியில் ஒவ்வொரு ரைடுக்கும் நேரம் பிடிக்கவும் வேண்டும். ஃபுளோரிடாவில் டிஸ்னி விடுதிகளில் தங்குவோர் ஏழு நாள் முன்னதாகவும் மற்றவர்கள் மூன்று நாள் முன்னதாகவும் இந்தப் பதிவைத் தொடங்கலாம். தாமதமாக வருபவருக்கு நல்ல ரைடுகளில் இரவு நேரமே மிஞ்சும், சில நாட்களில் அதுவும் மிஞ்சாது. அங்கே நுழைவிடத்தில் மிக்கி முக வடிவில் ஒரு கருவி இருக்கும். சீட்டை அதில் காட்டியதும் அதன் வளையம் பச்சையாக ஒளிர்ந்தால் உள்ளே போகலாம். நீலமாக மாறினால், நேரமோ பதிவோ பொருந்தவில்லை என்பதால், ஊழியர் வந்து விசாரிப்பார்.

கேள்வி: என் அம்மாவுக்கு மூட்டு வலி. சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றால் டிஸ்னியில் குடும்பம் முழுவதையும் நேரே முன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் பாஸ் செலவு மிச்சமாகுமே?
– வாசகர், சென்னை

பதில்: மிச்சமாகாது. இந்த எண்ணத்துக்கு ஒரு பின்னணி உண்டு. முன்பு உடல்நலக் குறைபாடு உள்ளவர்களுக்காக இருந்த உதவி அட்டையைப் பலர் தவறாகப் பயன்படுத்தினார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கட்டணம் கொடுத்துக் கூட அழைத்துச் சென்ற வசதியானவர்களைப் பற்றி 2013இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் செய்தி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னி பழைய அட்டையை நீக்கிவிட்டு டிஏஎஸ் என்ற வேறு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் முன்னால் அனுப்புவது கிடையாது. சாதாரண வரிசையின் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிட்டு, திரும்பி வரும் நேரம் ஒன்றைக் கொடுப்பார்கள். வரிசைக்குள் நிற்காமல் வெளியே இருந்து அந்த நேரத்தைக் கழிக்கலாம். 2024இல் விதிகளை மேலும் இறுக்கி, முதன்மையாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடுகளால் நீண்ட வரிசையில் இருக்க முடியாதவர்களுக்கு உரியது என்று சொல்லிவிட்டார்கள். மூட்டு வலிக்கு அவர்கள் சொல்லும் தீர்வு சக்கர நாற்காலிதான், அதை உருட்டிக்கொண்டு செல்லும்படியாகவே பெரும்பாலான வரிசைகளை அமைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் கட்டாயம் நாற்காலியை வாடகைக்கு எடுங்கள், அது நாள் முழுவதும் நடக்க வேண்டிய தூரத்துக்கு உதவும். வரிசைக்காக எடுக்காதீர்கள்.

கேள்வி: ஆறு பேருக்கு மூன்று பாஸ் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: முடியாது. ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ் வேண்டும். உங்கள் ஆறு பேரில் மூவர் உள்ளே போய் மற்ற மூவர் வெளியே நிற்பதாக இருந்தால், அது வேறு.

கேள்வி: மகனுக்கு ஐந்து வயது, உயரம் 105 சென்டிமீட்டர். அவனுக்கும் எக்ஸ்பிரஸ் வாங்கினால் சிங்கப்பூரில் எல்லா ரைடிலும் ஏற்றுவார்களா?
– வாசகர், பெங்களூரு

பதில்: உயர விதியைப் பாஸ் தளர்த்தாது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 சென்டிமீட்டர் போதும், பெரியவர் ஒருவருடன் அவன் ஏறலாம். மம்மி ரைடுக்கு 122, பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவுக்கு 125 சென்டிமீட்டர் வேண்டும். அவனால் ஏற முடிந்த ரைடுகளைப் பட்டியலிட்டு, அவற்றில் எத்தனை எக்ஸ்பிரஸில் இருக்கின்றன என்று எண்ணிய பிறகு அவனுக்குப் பாஸ் வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் டிஸ்னி, யுனிவர்சல் பூங்காக்களுக்குச் சென்றால் இன்னொரு வசதி இருக்கிறது. ஒரு பெற்றோர் சிறுவனுடன் வெளியே இருக்க மற்றவர் ரைடை முடித்து வருவார், பிறகு வெளியே இருந்தவர் மறுபடியும் முழு வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம். இதற்குக் கட்டணம் இல்லை, ரைடின் வாசலில் உள்ள ஊழியரிடம் கேட்டால் போதும்.

கேள்வி: ஆர்லாண்டோவில் பூங்காவின் சொந்த விடுதியில் தங்கினால் பாஸ் இலவசமாமே?
– வாசகி, புதுச்சேரி

பதில்: யுனிவர்சலில் மூன்று விடுதிகளில் மட்டும் அப்படி: போர்ட்டஃபீனோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக். அங்கே தங்குவோருக்கு அன்லிமிடெட் எக்ஸ்பிரஸ் அறை வாடகையிலேயே அடங்கும். ஆனால் 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவில் அது செல்லாது. யுனிவர்சலின் மற்ற விடுதிகளுக்கு இந்தச் சலுகை இல்லை, வாடகை குறைவு என்று அவற்றில் அறை எடுத்துவிட்டுப் பாஸை எதிர்பார்க்க வேண்டாம். டிஸ்னி விடுதிகளில் தங்குவோருக்குக் காலையில் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே செல்லும் சலுகை உண்டு, இலவச லைட்னிங் லேன் இல்லை.

கேள்வி: எல்லாம் சரி, கடைசியில் வாங்கலாமா, கூடாதா?
– வாசகர், சேலம்

பதில்: ஒரே ஒரு நாள் இருக்கிறது, அதுவும் பள்ளி விடுமுறையில் விழுகிறது, குழுவில் எல்லோரும் பெரிய ரைடுகளில் ஏறக்கூடியவர்கள் என்றால் வாங்குங்கள். சாதாரண வார நாளில், அதுவும் சிறு குழந்தைகளோடு செல்பவர்களுக்கு அந்தப் பணம் பெரும்பாலும் வீண் என்பது என் எண்ணம். கதவு திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் நின்று, அதிகக் கூட்டம் சேரும் ரைடுக்கு முதலில் சென்றால் பாஸ் இல்லாமலே இரண்டு மூன்று பெரிய ரைடுகளை முடித்துவிடலாம். வாசலில் பைகளைச் சோதிக்கும் வரிசையையும் உணவுக்கடை வரிசையையும் எந்தப் பாஸும் குறைக்காது. மின்னலோடு மழை வந்து வெளிப்புற ரைடுகளை நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைப்பதும் அரிது, ஆகவே சிங்கப்பூரிலோ ஆர்லாண்டோவிலோ மழை நாளில் யோசித்து வாங்குங்கள். தனியே செல்பவர்களும், பிரிந்து உட்காரத் தயங்காத இளைஞர்களும் "சிங்கிள் ரைடர்" என்று எழுதிய வாசலைத் தேடட்டும். வண்டியில் மிஞ்சும் ஒற்றை இருக்கைகளை நிரப்புவதற்கான வரிசை அது, கட்டணம் கிடையாது, பெரும்பாலும் சாதாரண வரிசையைவிட வேகமாக நகரும். அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்து கைகோத்துக்கொண்டுதான் கத்துவோம் என்று அடம்பிடிக்கும் குடும்பங்களுக்கு அது ஒத்துவராது.