மேகத்துக்குள் கை போதவில்லையா?

கேள்வி: திருச்சியிலிருந்து மதுரைக்கு செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தைத் தனியாக ஓட்டி வந்துகொண்டிருந்தேன். ஐப்பசி மாதம், சுற்றிலும் மேகம். ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) திடீரென்று பாதையை மாற்றிச் சொன்னார்கள். அதை எழுதி, ஜிபிஎஸ்ஸில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் உயரம் 300 அடி குறைந்திருந்தது. வெளியே பார்க்காமல் மீட்டர்களை மட்டும் வைத்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வாங்கியும் இப்படி ஆகிறதே, என்ன செய்வது?
- வாசகர், திருநகர்

பதில்: 300 அடியிலேயே பார்த்துவிட்டீர்கள், அந்த மட்டும் நல்லது. அந்த வழியில் அழகர்மலை இருக்கிறது, சற்று மேற்கே சிறுமலையும் இருக்கிறது.

கோளாறு உங்கள் கையில் இல்லை. எழுதுவதையும் ஏற்றுவதையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். முதலில் ட்ரிம்மை, அதாவது மூக்கின் ஏற்ற இறக்கத்தை நிலைநிறுத்தும் சக்கரத்தை, சரியாக வையுங்கள். கையை விட்டாலும் விமானம் அப்படியே போக வேண்டும். பிறகு இரண்டு சொல் எழுதி, செயற்கை அடிவானத்தையும் (விமானத்தின் சாய்வைக் காட்டும் மீட்டர்) உயரமானியையும் ஒரு பார்வை. ஜிபிஎஸ் குமிழை நாலு திருகு, மறுபடி ஒரு பார்வை. ஆட்டோபைலட் இருந்தால் தயங்காமல் போடுங்கள். ஆனால் அது உயரத்தைப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். 1972 டிசம்பரில் மியாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தில் ஒரு சின்ன விளக்கு எரியவில்லை. மூன்று பேர் கொண்ட விமானக் குழு அதிலேயே மூழ்கிவிட்டது. ஆட்டோபைலட் உயரத்தை விட்டதைக் கவனிக்க ஆளில்லை. 100 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கை ஓயவில்லை என்றால் ரேடியோவில் 'ஸ்டாண்ட்பை' (கொஞ்சம் பொறுங்கள்) சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு இதில் ஒரு கூச்சம், டவரில் இருப்பவர் கோபித்துக்கொள்வாரோ என்று. அவர் சொன்னதைத் தப்பாகத் திருப்பிச் சொல்வதைவிட அரை நிமிடக் காத்திருப்பு அவருக்கும் மேல்தான்.

அப்புறம், வேலையை முன்னாடியே தள்ளுங்கள். டவுன் பஸ் கண்டக்டரைப் பாருங்கள்: அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட்டை முடித்துவிடுவார், கூட்டம் ஏறும்போது அவர் கை காலியாக இருக்கும். திருச்சி–மதுரை சுமார் 65 கடல் மைல். 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் வந்தால் 40 நிமிடம். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைக் கழித்தால் நடுவில் ஓய்வு கொஞ்சம்தான். அதனால் அப்ரோச் சார்ட்டை (ஓடுபாதையை நோக்கி இறங்கும் வழியைக் காட்டும் படம்) திருச்சியில் எஞ்சினைக் கிளப்பும் முன்பே வாய்விட்டுப் படித்துவிடுங்கள். அலைவரிசை, கடைசித் திசை, அதற்குக் கீழே இறங்கக் கூடாத உயரம், ஓடுபாதை தெரியாவிட்டால் முதலில் எந்தத் திசை, எவ்வளவு உயரம். இறங்கும் வேகத்தையும் அங்கேயே போட்டு வைக்கலாம்: 3 டிகிரி சரிவுக்குத் தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் போதும். 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி. வானிலையைக் கேட்பதும் உயரமானியைத் திருத்துவதும் மட்டும் நடுவழி வேலை.

இதையெல்லாம் செய்தும் பின்தங்கினால், அப்ரோச்சைத் தொடங்காமல் ஹோல்டிங் (ஒரே இடத்தில் வட்டமிட்டுக் காத்திருப்பது) கேளுங்கள். வழக்கமான ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடம். எரிபொருள் இருந்தால் அது பெரிய நேரம்.

ஒரு சின்ன விஷயம். ஒருமுறை மேகத்துக்குள் என் பென்சில் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தேன், தலை கிறுகிறுத்து விமானமே புரள்வதுபோல் இருந்தது. மீட்டர்கள் எல்லாம் நேராகத்தான் நின்றன. திருப்பத்தில் இருக்கும்போது தலையைச் சட்டென்று அசைத்தால் காது இப்படி ஏமாற்றும். அன்றிலிருந்து பென்சிலை நூல் போட்டு முழங்கால் பலகையில் கட்டிவிடுகிறேன், சட்டைப் பையில் இன்னொன்று.