மகள் மிஷன் பயணம் கேட்கிறாள்: அனுப்பலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. சபையிலிருந்து ஒரு குழு மூன்று வாரம் உகாண்டாவுக்குப் போகிறது. கிராமங்களில் கை கழுவுவது, வயிற்றுப்போக்கு, கர்ப்பிணிகளைக் கவனிப்பது பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். அனுப்பலாமா, படிப்பு கெடுமா, வேலைக்கு உதவுமா, செலவுக்கு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வைக்காதீர்கள். இன்னும் இரண்டு வருடக் கட்டணம் பாக்கி இருக்கிறது. சபையார் பங்கு போட்டு அனுப்ப முடிந்தால் போகட்டும், இல்லையென்றால் படிப்பை முடித்த பிறகு போகட்டும். அப்போது பதிவு பெற்ற செவிலியராகவே போவாள்.

வேலை விஷயத்தில் உள்ளதைச் சொல்கிறேன். மருத்துவமனையில் ஆள் எடுக்கிறவர்கள் நர்சிங் கவுன்சில் பதிவு, வார்டு அனுபவம், வெளிநாடு என்றால் மொழித் தேர்வு, இவற்றைத்தான் பார்ப்பார்கள். மூன்று வாரப் பயணச் சான்றிதழ் பயோடேட்டாவில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் சமுதாய சுகாதார நர்சிங்கிலோ பொது சுகாதாரத்திலோ மேற்படிப்பு படிக்க அவளுக்கு ஆசை இருந்தால் கதை வேறு. எந்த ஊர், எத்தனை பேர் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எது புரியவில்லை என்று அன்றன்றைக்கு ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். நேர்முகத்தில் பேச அந்த நோட்டு போதும்.

வருகைப் பதிவைக் கவனியுங்கள். தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை வேண்டும். வார்டு பயிற்சி நேரத்தை முழுதாக முடிக்காமல் பட்டம் கிடைக்காது. எனவே விடுமுறையில் மட்டும்தான். முதல்வரின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

இனி, நான் உண்மையில் கவலைப்படும் விஷயம். அங்கே போய் இவள் என்ன செய்வாள்? மாணவிதான், இன்னும் செவிலியர் இல்லை. இங்கே ஆசிரியை பக்கத்தில் நிற்காமல் செய்ய முடியாத எதையும் அங்கேயும் செய்யக் கூடாது. ஊசி, மாத்திரை, கட்டுப் போடுவது, பிரசவத்தில் கை வைப்பது, எதுவும் கூடாது. உகாண்டாவில் ஜின்ஜா என்ற ஊரில், மருத்துவம் படிக்காத ஓர் அமெரிக்கப் பெண் நடத்திய ஊட்டச்சத்து மையத்துக்குக் கொண்டுபோன குழந்தைகள் இறந்ததாகத் தாய்மார்கள் 2019-ல் வழக்குப் போட்டார்கள். உதவி செய்வதற்காகத்தான் அவரும் போனார். உங்கள் மகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சொல்லிக்கொடுப்பது மட்டும் லேசான வேலை என்றும் நினைக்க வேண்டாம். முன்பு இப்படிக் கிளம்பிய ஒரு மாணவியை என் மேஜை முன்னால் நிற்க வைத்து வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலைச் செய்து காட்டச் சொன்னேன். "ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு" என்று ஒப்பித்தாள். அளவு சரி. ஆனால் உப்பைக் குவித்து அள்ளினாள். உப்பு கூடினால் குழந்தைக்கு வலிப்பு வரைக்கும் போகும். கத்தியின் முதுகால் ஸ்பூனை வழித்துத் தட்டையாக்கிக் காட்டினேன். "அந்த வீட்டில் லிட்டர் அளவு ஏதும்மா?" என்றேன். யோசித்தாள். பிறகு காலி அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, "இதில் ரெண்டு" என்றாள். அங்கே தண்ணீர் பிடிப்பது இருபது லிட்டர் மஞ்சள் கேனில். கடை பாட்டில்தான் கைக்கு எட்டும் அளவு. உங்கள் மகளும் உங்கள் அடுக்களையில் பத்துத் தடவை செய்து பார்க்கட்டும், நீங்களே எதிரே உட்கார்ந்து கேள்வி கேளுங்கள்.

பெரியவர்கள் செய்த ஊழியத்தைப் பாருங்கள். மிஷனரி டாக்டர் ஆல்பர்ட் குக் 1897-ல் உகாண்டாவின் கம்பாலாவில் மெங்கோ மருத்துவமனையைத் தொடங்கினார். செவிலியரான அவர் மனைவி கேத்தரின் அந்த ஊர்ப் பெண்களுக்கே மருத்துவச்சிப் பயிற்சி கொடுத்தார். நம் வேலூரில் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். அவர்கள் போன பிறகும் வேலை நடக்கிறது, ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்டதால். உகாண்டாவில் இப்போது கிராம சுகாதாரக் குழு என்று ஊருக்குள்ளேயே தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். மகளின் வகுப்பில் அவர்கள் முன்னே நின்று தங்கள் மொழியில் பேச, இவள் கூட நின்று செய்து காட்ட வேண்டும். சபை அப்படித் திட்டமிடவில்லை என்றால் அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து.

ஆகவே உங்கள் சபைப் போதகரான சேகர குருவிடம் போய்த் தயங்காமல் கேளுங்கள்: அழைத்தது யார், அங்கே மேற்பார்வை பார்க்கும் மருத்துவரோ செவிலியரோ யார், எந்த விசாவில் போகிறார்கள், பெண் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள், கூட எத்தனை பெரியவர்கள், காப்பீடு உண்டா, திரும்பி வந்த பின் அந்த ஊரோடு தொடர்பு இருக்குமா. கேட்டால் விசுவாசக் குறைவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

உடம்பு விஷயம் சுருக்கமாக: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்துதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மலேரியா தடுப்பு மாத்திரை போவதற்கு முன்பே தொடங்க வேண்டும். எந்த மாத்திரை, திரும்பிய பின் எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்வார். ஊருக்கு வந்துவிட்டோமே என்று பாதியில் விட்டுவிடக் கூடாது. கொசுவலை ஒன்றையும் பெட்டியில் வையுங்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன் அழைப்புக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு, மகளோடும் ஒருமுறை பேசுகிறேன்.