வாசகர் கேள்வி – பதில்: மலையூர் வீடுகளில் கேஸ் கீசர்

கார்த்திகை பிறந்ததிலிருந்து நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பகுதியிலிருந்தும் நமக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேஸ் கீசரைப் பற்றியவை. ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் அளிக்கிறோம். கோத்தகிரி வாசகியின் கடிதம் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருக்கிறோம். குளிர் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் குளிக்கிறோம். சில வாரங்களாக என் மகளுக்குத் தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும் தலைவலியும் குமட்டலும் வருகின்றன. சென்ற வாரம் மயக்கம் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் வந்து கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, கீசரில் ஒரு குறையும் இல்லை என்கிறார். ஈரத்தலையால் வரும் தலைவலியாக இருக்குமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: அம்மா, இன்றிலிருந்து அந்த கீசரை அந்த இடத்தில் வைத்துப் பயன்படுத்த வேண்டாம். உங்கள் மகளுக்கு வருவது ஈரத்தலைவலி என்று நாங்கள் நினைக்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைச் சுவாசிப்பவர்களுக்கு வரும் அறிகுறிகள். அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் எரிகிறது என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் சாதாரண ஆக்சிமீட்டரை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய இரத்தம் போலவே அது காட்டிவிடும். இரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும்.

மெக்கானிக் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கீசர் பழுதில்லாமலேயே இருக்கலாம். பழுது அது மாட்டப்பட்டிருக்கும் இடத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றும் ஒரு கீசர், முழு வேகத்தில் எரியும்போது மணிக்குச் சுமார் 900 கிராம் வாயுவைச் செலவிடும். தலைக்குக் குளிக்கும் கால் மணி நேரத்தில் அது 225 கிராம் வாயுவை எரிக்கிறது. ஒரு கிலோ வாயு முழுமையாக எரிய 15 கிலோவுக்கும் மேற்பட்ட காற்று வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே அதே எடைக் காற்றைப் பெற அதிகக் கன அளவு தேவைப்படுகிறது. கணக்குப் போட்டால், உங்கள் மகள் ஒரு முறை குளிப்பதற்குள் அந்தச் சுடர் சுமார் 120 கன அடிக் காற்றைக் கேட்கிறது. ஐந்தடிக்கு ஏழடி அகலமும் எட்டடி உயரமும் கொண்ட குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 280 கன அடிதான். புதுக்காற்று வர வழியில்லாத அறையில், ஏற்கெனவே எரிந்து கழிந்த காற்றையே பர்னர் மறுபடி இழுத்து எரிக்கிறது. ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு பெருகுகிறது. நேற்றுக் கடையிலிருந்து வந்த கீசரும் சாத்திய அறையில் இதைத்தான் செய்யும்.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிலிண்டர் கசிந்தால் நமக்குத் தெரியும் வாடை, எச்சரிக்கைக்காக வாயுவில் கலக்கப்பட்ட ஒரு பொருளின் வாடை; எரியும்போது அதுவும் எரிந்துவிடுவதால் மூக்கு நமக்கு உதவாது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு கார்பன் மோனாக்சைடு பற்றிக்கொள்கிறது. காற்றே மெலிந்திருக்கும் மலையில் அதன் பாதிப்பு விரைவாகத் தெரியும். கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்திகளை மலையில் வாழும் நாம் படித்திருக்கிறோம். குளியலறையில் நடப்பதும் அதே காரணத்தால்தான்.

ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். மார்கழிக் குளிரில் யாரும் அதைத் தொடர்ந்து செய்யமாட்டார்கள் என்பதால் அந்த யோசனையை நாங்கள் சொல்லமாட்டோம். கீசரையே வெளியே எடுத்துவிடுங்கள். குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஓடுகிற வேகத்தால் தானாகப் பற்றிக்கொள்ளும் கருவி அது. ஆகவே குளிப்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குளியலறைச் சுவரின் மறுபக்கம், மழையும் நேர்க்காற்றும் படாத, ஆனால் திறந்திருக்கிற தாழ்வாரத்தில் மாட்டி, அங்கிருந்து வெந்நீர்க் குழாயை உள்ளே கொண்டுவரலாம். வெந்நீருக்குரிய சி.பி.வி.சி. குழாயைப் பயன்படுத்துங்கள், சாதாரண பி.வி.சி. குழாய் சூட்டில் இளகிவிடும். குழாயின் மீது உறை சுற்றிவிட்டால் வழியில் ஆறுவதும் குறையும். மலையில் பல பழைய வீடுகளில் விறகு பாய்லரைக் குளியலறைக்கு வெளியே வைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெருப்புக்கு உரிய இடம் அதுதான்.

வேலை முடியும்வரை அடுப்பில் காய்ச்சிய வெந்நீரில் குளியுங்கள். எப்போதாவது யாரேனும் உள்ளே மயங்கிவிட்டால், கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்து, அவரைத் திறந்தவெளிக்குத் தூக்கி வந்து, வாயுவை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் போடும் பழக்கத்தைப் பிள்ளைகள் விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: காலையில் குழாயைத் திறந்தால் கீசர் "டிக், டிக்" என்று சத்தம் போடுகிறது, பற்றுவதில்லை. பகல் பதினொரு மணிக்கு மேல் ஒழுங்காக வேலை செய்கிறது. மெக்கானிக் வரும் நேரத்தில் பழுதே தெரிவதில்லை. (வாசகர், காந்தல், உதகமண்டலம்)

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடையின் பாதி இருக்கிறது. பொறி பறக்கும் சத்தம் கேட்பதால் தண்ணீரின் அழுத்தம் போதுமானது. தண்ணீரின் அழுத்தத்தால் நகரும் டயாஃப்ரம் என்னும் ரப்பர்த் தகடும், அது நகர்ந்ததும் பொறியை முடுக்கும் மைக்ரோ சுவிட்சும் வேலை செய்கின்றன. ஆகவே பொறி வலுவில்லாமல் இருக்கலாம், அல்லது வாயு போதுமான அளவு வராமல் இருக்கலாம்.

பெரும்பாலான கீசர்களில் 1.5 வோல்ட் பெரிய பேட்டரிகள் இரண்டு இருக்கும். பொறியை உண்டாக்குவதும், வாயுவைத் திறந்துவிடும் சோலனாய்டு வால்வை இழுத்துப் பிடிப்பதும் அவைதாம். குளிரில் பேட்டரியின் வலு குறையும்; பாதி தீர்ந்த பேட்டரி பகலில் ஓடும், அதிகாலையில் கைவிடும். எனவே முதலில் இரண்டையும் ஒருசேர மாற்றுங்கள். மலைக்கு ஆல்கலைன் பேட்டரியே ஏற்றது. மூடுபனியின் ஈரம் பொறி முனையின் பீங்கானில் படிந்திருந்தாலும் பொறி வேறு வழியில் போய்விடும். கீசர் ஆறியிருக்கும்போது மெக்கானிக்கைக் கொண்டு உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். சமையல் வாயு என்பது புரோபேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. பியூட்டேன் பூச்சியத்துக்கு அரை டிகிரி கீழேயே திரவமாகிவிடும் இயல்புடையது. உறைபனி விழும் உதகைக் காலையில் அது ஆவியாக மிகவும் தயங்கும். சிலிண்டரிலிருந்து புரோபேன் முதலில் அதிகமாக வெளியேறிவிடுவதால் அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அடுப்பு குறைந்த வாயுவில் சமாளித்துவிடும். அதைப்போலப் பல மடங்கு வாயு கேட்கும் கீசரால் முடியாது. குளிர்காலத்தில் சிலிண்டரில் வாயு மீதமிருக்கும்போதே கீசர் நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம்.

இதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும், படுக்கவைப்பதும், பக்கத்தில் கரியடுப்பு மூட்டுவதும் பெரும் ஆபத்து. படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்து சுடர் சீறிவிடும். சாக்கைச் சுற்றுவதிலும் பயனில்லை. சிலிண்டர் தானாகச் சூடு தருவதில்லை, சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் சூட்டை வாங்குகிறது, சாக்கு அதைத் தடுக்கும். இரவுப் பனி நேராகப் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், வெறும் சிமெண்டுத் தரைக்குப் பதிலாக ஒரு பலகையின்மேல் நிறுத்துங்கள். நிறைந்த சிலிண்டரைக் கீசருக்கும் குறைந்ததை அடுப்புக்குமாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் குளிர் மாதங்களில் நன்றாகப் பயன்படும்.

கேள்வி: வெந்நீர் போதிய சூடாக வருவதில்லை. பர்னருக்கு வாயு வரும் ஜெட் துளையைச் சற்றுப் பெரிதாக்கினால் சூடு கூடும் என்று பழுது பார்ப்பவர் சொல்கிறார். செய்யலாமா? (வாசகர், நாயுடுபுரம், கொடைக்கானல்)

பதில்: செய்யவே கூடாது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மெலிந்த காற்றின் காரணமாகச் சமவெளியில் தரும் வெப்பத்தைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகவே உங்கள் கீசர் தரும். அந்த நிலையிலேயே சுடருக்குக் காற்று பற்றாக்குறைதான். துளையைப் பெரிதாக்கினால் வாயு கூடும், காற்று கூடாது. சுடர் மஞ்சளாகி, சுடரின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியின் செப்புத் தகடுகளுக்கிடையே கரி அடைத்து, முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன நச்சு வாயு திறந்த இடத்தில்கூடப் பெருகும்.

தண்ணீரின் அளவைக் குறைப்பதே சரியான வழி. தொட்டியில் 10 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 25 டிகிரி உயர்த்தினாலும் 35 டிகிரிதான் ஆகும். அது உடம்புக்கு வெதுவெதுப்பாகவே தோன்றும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடுவதை 4 லிட்டராகக் குறைத்தால் அதே சுடரில் 45 டிகிரிக்கு மேல் கிடைக்கும். கீசரின் முகப்பில் உள்ள தண்ணீர்த் திருகியைக் குறைத்துவிட்டு, சிறிய துளைகள் கொண்ட ஷவரை மாட்டிப் பாருங்கள். அதற்கும் சூடு கூடவில்லை என்றால் பர்னரில் தூசியோ சிலந்திக்கூடோ அடைத்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்வது மெக்கானிக்கின் வேலை.

உங்கள் கடிதத்தின் இறுதியில், இருபது நிமிடத்தில் கீசர் தானாக அணைந்துவிடுகிறது என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். பல மாடல்களில் அது பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட ஏற்பாடு. அதை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். பற்றிய சில விநாடிகளிலேயே அணைந்தால் மட்டும் சுடரை உணரும் கம்பியில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மழைக்காலம் முடிந்ததிலிருந்து குழாயைத் திறந்தாலும் கீசரில் எந்தச் சத்தமும் இல்லை. பேட்டரி புதிது. (வாசகி, குன்னூர்)

பதில்: பொறியின் சத்தமே கேட்காதபோது தண்ணீர்ப் பாதையைச் சந்தேகிக்க வேண்டும். மழைக்காலக் கலங்கல் நீரில் வரும் மண்ணும் இலைத்துகளும் கீசருக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சிறு சல்லடையை அடைத்துவிடும். தண்ணீரையும் வாயுவையும் மூடிவிட்டு, அந்த இணைப்பைக் கழற்றி, சல்லடையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள், வாஷரை மறந்துவிடாதீர்கள். வாயுப் பகுதியைத் தொடாத வேலை என்பதால் இதை வீட்டாரே செய்யலாம். ஷவரின் துளைகளையும் கழுவிவிடுங்கள்.

சல்லடை சுத்தமாக இருந்தும் பற்றவில்லை என்றால் டயாஃப்ரம் என்னும் ரப்பர்த் தகடு கிழிந்திருக்கலாம் அல்லது விறைத்திருக்கலாம். விலை குறைந்த பாகம்தான், ஆனால் அதை மாற்றும்போது வாயு வால்வோடு சேர்ந்த பகுதியைத் திறக்க நேரும் என்பதால் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். தொட்டி குளியலறைக் கூரைமீதே இருக்கும் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு: கீசருக்குமேல் இரண்டு, மூன்று மீட்டர் உயரமாவது தண்ணீர் மட்டம் இல்லாவிட்டால் டயாஃப்ரத்தைத் தள்ளும் அழுத்தம் கிடைக்காது.

கேள்வி: சர்வீஸ் எத்தனை காலத்துக்கு ஒருமுறை? ரப்பர் குழாயை மாற்ற வேண்டுமா? (வாசகர், பெருமாள்மலை)

பதில்: ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்குவதற்கு முன் ஐப்பசியிலேயே செய்துவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, விரிசல் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும். மெக்கானிக் கிளம்புமுன் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் காட்டச் சொல்லுங்கள். நுரை குமிழியிட்டால் கசிவு. வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டைத் தை மாதம்வரை பூட்டிவிட்டுச் சமவெளிக்குப் போகிறோம். கீசரை என்ன செய்வது? (வாசகர், மஞ்சூர்)

பதில்: வெளியில் மாட்டிய கீசர் என்றால் அதற்குள் தண்ணீரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். உறைந்த நீர் விரிந்து செப்புக் குழாயைப் பிளந்துவிடும். வெப்பமாற்றியை மாற்றும் செலவு பெரிது. தண்ணீர் வால்வை மூடி, உள்ளே வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கீசரின் அடியிலுள்ள வடிகால் திருகியைக் கழற்றி முழுவதும் வடித்துவிடுங்கள். பேட்டரிகளை வெளியே எடுத்து, சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியை மாட்டிவிட்டுப் புறப்படலாம்.